உப்பு ஏறினால் காடு மாறும்

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே, சுமார் 1,100 ஹெக்டேரில் விரிந்து கிடக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றுநீர் பாய்ந்து உப்பங்கழியின் உப்பு தணியும், கோடையில் ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்க ஒவ்வொரு மரமும் ஒரு வழி வைத்திருக்கிறது.

சுரபுன்னை, உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடும். வெண்கண்டல் உப்பை உள்ளே விட்டு, இலைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றும். வெயில் ஏறிய வேளையில் அதன் இலையைத் தடவினால் பொடியுப்பு விரலில் ஒட்டும். காற்றுப் புகாத சேற்றில், மரத்தைச் சுற்றிக் குச்சி குச்சியாக நிற்பவை அதன் மூச்சு வேர்கள். சுரபுன்னையின் விதையோ தாய்மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காயாக நீண்டு தொங்கி, அப்புறம்தான் சேற்றில் விழும்.

சூழல் இதற்கும் மேல் மாறினால், எந்த மரம் எவ்வளவு என்கிற கணக்கே காட்டில் மாறிவிடும். காவிரியில் அணைகளும் பாசனமும் பெருகி நன்னீர் வரத்து குறைந்தபோது, உப்பு தாங்காத இனங்கள் அருகின, வெண்கண்டல் பெருகியது. தூரத்துப் பார்வைக்கு அதே பச்சைதான். ஆனாலும் இதை இழப்பாகவே கணக்கிட வேண்டும்.

ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை, காட்டைக் கூறு கூறாகப் பிரித்து, முறைவைத்து மொட்டையாக வெட்டினார்கள். நிழல் போனதும் சேற்றின் ஈரம் ஆவியாகி, மண் அமிழ்ந்து, நடுப்பகுதி பள்ளமாயிற்று. ஓதத்தில் புகுந்த நீர் வற்றத்தில் வெளியேற வழியின்றித் தேங்கி, வெயிலில் சுண்டியது. வெண்கண்டலாலும் தாங்க முடியாத உப்பு அது. அந்த இடங்களில் காடு தானாக மீளவில்லை.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து அங்கே வாய்க்கால் வெட்டின. நடுவே பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைகள். மீன்முள் அமைப்பு என்று இதற்குப் பெயர். ஓதம் நாள்தோறும் வந்துபோகத் தொடங்கியதும் மண்ணின் உப்பு கழுவப்பட்டது. கரையோரம் நட்ட கன்றுகள் பிடித்துக்கொண்டன. நீரோட்டத்தைச் சரிசெய்யாமல் கன்று மட்டும் நட்டிருந்தால் அத்தனையும் வீணாகியிருக்கும்.

கடல்மட்டம் உயர்ந்தால், அலையாத்தி வேர்களுக்கிடையே வண்டலைப் பிடித்துத் தரையை உயர்த்திக்கொள்ளும். அது போதாவிட்டால் தலைமுறை தலைமுறையாக நிலப்பக்கம் நகரும். முதலாவதற்கு ஆறு வண்டல் கொண்டுவர வேண்டும். இரண்டாவதற்குப் பின்புறம் நிலம் காலியாக இருக்க வேண்டும். இறால் பண்ணைக் கரையோ சாலையோ குறுக்கே நின்றால், முதலில் இடமிழப்பவை நிலப்பக்க விளிம்பில் வளரும் இனங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் அவற்றில் ஒன்று.