பின்வாசல் வழியாக வந்த பியானோ

உஷ்... மெதுவாக உள்ளே வாருங்கள். மடக்கு நாற்காலி, பார்த்து உட்காருங்கள், கிரீச்சிட்டால் டேப்பில் ஏறிவிடும். வருடம் 1970, ஊர் நியூயார்க். முன்னால் மைக்கைச் சரிசெய்துகொண்டு நிற்கிற ஒடிசலான பையன்தான் கில் ஸ்காட்-ஹெரன். வயது இருபத்தொன்று. அவன் எழுதிய நாவலும் கவிதைத் தொகுப்பும் இந்த வருடம்தான் அச்சாகியிருக்கின்றன. இப்போது முதல் ஆல்பம். ஒரே வருடத்தில் மூன்று! இருபத்தொரு வயதில் நாமெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்ற கேள்வியைத் தயவுசெய்து யாரும் கேட்கக் கூடாது.

'ஸ்மால் டாக் அட் 125த் அண்ட் லெனாக்ஸ்' என்பது ஆல்பத்தின் பெயர். கவிதைத் தொகுப்பின் பெயரும் அதேதான். ஹார்லெமில் 125ஆம் தெருவும் லெனாக்ஸ் அவென்யூவும் வெட்டிக்கொள்ளும் மூலை அது. கறுப்பின அமெரிக்காவின் அரட்டை முழுக்க அந்த மூலையில் நின்றால் காதில் விழும் என்பார்கள். அங்கே ஒரு நைட் கிளப்பில் நேரடியாகப் பதிவானது என்றுதான் இந்த ஆல்பத்தைப் பற்றி ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கைதட்டல் கேட்கிறது, சிரிப்புக் கேட்கிறது, நடுவில் யாரோ ஆமாம் போடுவதும் கேட்கிறது. கிளப்தான் என்று யாரும் நம்புவார்கள். ஆனால் நீங்களும் நானும் உட்கார்ந்திருப்பது ஸ்டுடியோவில்! நாற்காலிகளைப் பரப்பி, தெரிந்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தெருமூலையை அறைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

சரி, மேடையைப் பாருங்கள். காங்கா மேளங்களோடு எடி நோல்ஸும் சார்லி சாண்டர்ஸும். தாளத்துக்கும் கூடப் பாடவும் டேவிட் பார்ன்ஸ். எல்லோரும் கில்லின் நண்பர்கள். அந்த ஓரத்தில் இருக்கும் பியானோவை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, கவனித்தீர்களா? அதன்மேல் ஒரு கண் வைத்திருங்கள். நான் உங்களை இங்கே இழுத்துவந்ததே அதற்காகத்தான்.

கில் பின்னாளில் சொன்ன கதைப்படி, அவன் தயாரிப்பாளரைத் தேடிப் போனது பாட்டுகளோடு. போன இடம் பாப் தீல். ஆள் லேசுப்பட்டவர் இல்லை. இம்பல்ஸ் கம்பெனியில் ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' ஆல்பத்தைத் தயாரித்தவர். லூயி ஆம்ஸ்ட்ராங் பாடி உலகமே முணுமுணுக்கிற 'வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்' இருக்கிறதே, அதை எழுதிய இருவரில் ஒருவராகப் புனைபெயரில் ஒளிந்திருப்பவரும் இவரே. 1969இல் சொந்தமாக ஃப்ளையிங் டச்மேன் என்று ஒரு கம்பெனி தொடங்கியிருந்தார். கையில் பணம் கம்மி. இசைக்குழு வைத்துப் பாட்டு ஆல்பம் போட இப்போது வழியில்லை, ஆனால் உன் கவிதைப் புத்தகத்தைப் படித்தேன், முதலில் அதைப் பேசிப் பதிவு செய்வோம், அது காசு பார்த்தால் அடுத்தது பாட்டு என்றாராம். பையன் சம்மதித்துவிட்டான்.

ஆக, பாட வந்தவனைப் பேசச் சொன்னதுதான் இந்த ஆல்பம். ராப்பின் பாட்டன் என்று இன்றைக்கு அவனுக்குச் சூட்டும் பட்டத்தில் பாதிப் பங்கு ஒரு தயாரிப்பாளரின் மெலிந்த பர்ஸுக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி!

பாப் தீலுக்கு எழுத்தாளர்கள் மேல் இப்படி ஒரு பலவீனம் ஏற்கெனவே உண்டு. ஐம்பதுகளின் கடைசியில் டாட் ரெகார்ட்ஸில் இருந்தபோது ஜாக் கெரோவாக்கைப் படிக்கவிட்டு, பக்கத்தில் ஸ்டீவ் ஆலனைப் பியானோ வாசிக்கவிட்டு ஓர் ஆல்பம் செய்தார். முதலாளிக்கு அது ஆபாசமாகப் பட்டது, வெளியிட மாட்டேன் என்றுவிட்டார். தீல் என்ன செய்தார்? வேலையை விட்டுவிட்டு, ஸ்டீவ் ஆலனோடு சேர்ந்து புதுக் கம்பெனி தொடங்கி 1959இல் அதை வெளியிட்டார். லாங்ஸ்டன் ஹியூஸும் அதே காலத்தில் சார்லஸ் மிங்கஸ் போன்றவர்களின் வாசிப்புக்கு மேல் தன் கவிதைகளைப் படித்துப் பதிவு செய்திருக்கிறார். இந்த இரண்டு எழுத்தாளர்களும் படித்தார்கள், பியானோவில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பையனுக்கோ வேறு யாரும் தேவையில்லை. இரண்டு வேலையும் அவனே பார்ப்பான்.

எங்கே கற்றான்? டென்னசி மாநிலத்து ஜாக்சன் ஊரில், பாட்டி லில்லி ஸ்காட் வீட்டில். பிறந்தது சிகாகோ, 1949. அப்பா கில் ஹெரன் ஜமைக்காவிலிருந்து வந்த கால்பந்துக்காரர். 1951இல் கிளாஸ்கோவின் செல்டிக் அணிக்கு விளையாடப் போனார், அந்த அணியின் முதல் கறுப்பின வீரர். அப்பா போனதும் பையன் பாட்டியிடம் வந்து சேர்ந்தான். பக்கத்திலேயே சவ அடக்க ஏற்பாடு செய்யும் நிலையம். அங்கே வேண்டாமென்று கழித்துக்கட்டிய பழைய பியானோ ஒன்றைப் பாட்டி வாங்கிப்போட்டாள். துக்க வீட்டுக்கு வாசித்து ஓய்ந்த பியானோ! தன்னோடு கூடித் தைக்க வரும் பெண்களுக்குப் பேரன் தேவாலயப் பாட்டு வாசிக்க வேண்டும் என்பது கிழவியின் திட்டம். வாசிக்கத்தான் செய்தான். ஆனால் ராத்திரியில் ரேடியோவில் மெம்பிஸின் டபிள்யூடிஐஏ நிலையத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு ப்ளூஸ் கேட்பான். பி.பி. கிங் ஒரு காலத்தில் அறிவிப்பாளராக வேலை பார்த்த நிலையம் அது. பகலில் கர்த்தர், இரவில் ப்ளூஸ். ஜாஸ் பியானோவுக்கு இதைவிட நல்ல பாடத்திட்டத்தை எந்தக் கல்லூரியும் போட்டுவிட முடியாது.

எழுத்தும் அதே வீட்டில்தான் தொற்றியது. பாட்டி வீட்டுக்கு 'சிகாகோ டிஃபெண்டர்' பத்திரிகை வரும். அதில் லாங்ஸ்டன் ஹியூஸ் எழுதிய பத்தி பையனுக்கு உயிர். ஹார்லெம் மதுக்கடையில் உட்கார்ந்து உலகத்தையே கிண்டலடிக்கிற சிம்பிள் என்ற பாத்திரத்தின் அரட்டை அது. இப்போது ஆல்பத்தின் தலைப்பை இன்னொரு தரம் பாருங்கள். ஹார்லெம் மூலையின் அரட்டை! ஹியூஸ் படித்த இடம் என்பதற்காகவே பென்சில்வேனியாவின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்தவன்தானே. சேர்ந்த பிறகு நாவல் எழுத வேண்டும் என்று படிப்பை நிறுத்திவைத்தான் பாருங்கள், அதுதான் துணிச்சல். கல்லூரிக்குப் பக்கத்திலேயே உலர்சலவைக் கடை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு, கிடைத்த நேரத்தில் எழுதி முடித்தான்.

நாவல் 'தி வல்ச்சர்'. போதைப்பொருள் விற்கும் ஜான் லீ என்ற இளைஞன் கொலை செய்யப்படுகிறான். யார் கொன்றது என்பதை நான்கு பேர் தங்கள் தங்கள் வாய்மொழியில் சொல்கிறார்கள். ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு பேச்சு, ஒவ்வொரு திமிர். விமர்சகர்கள் இதைத் துப்பறியும் கதை என்று தள்ளிவைப்பதுண்டு. எனக்கு அது ஒத்திகையாகத்தான் படுகிறது. நான்கு தொண்டைகளில் பேசிப் பழகியவன் மைக் முன்னால் நின்றால் என்ன ஆகும்? கேளுங்கள், ஆரம்பித்துவிட்டான்.

'தி ரெவல்யூஷன் வில் நாட் பி டெலிவைஸ்டு'. அட, எல்லோருக்கும் தெரிந்த புல்லாங்குழலும் பாஸும் எங்கே? இல்லை! அவை அடுத்த வருடம்தான் வரும். இங்கே மேளமும் குரலும் மட்டும். டி.வி. விளம்பரங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் காதைத் திருகுகிறான், கூட்டம் சிரித்துச் சாய்கிறது. புத்தகத்தில் படிக்கும்போது பிரகடனமாகத் தெரிந்தது இந்த அறையில் நகைச்சுவையாகிவிட்டது. அந்தச் சிரிப்பு டேப்பில் இருப்பதற்காகவே இந்தப் பதிப்பை நான் பிந்தையதற்கு மேலே வைப்பேன்.

'வைட்டி ஆன் த மூன்' இன்னும் குறும்பு. நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால்வைத்து ஒரு வருடம்கூட ஆகியிருக்குமோ என்னவோ. சகோதரியை எலி கடித்துவிட்டது, வைத்தியருக்குக் கொடுக்கப் பணமில்லை, வெள்ளைக்காரனோ நிலவில் இருக்கிறான். முடிவில் ஒரு திருப்பம் வருமே, வைத்தியரின் பில்லை எந்த விலாசத்துக்கு அனுப்பலாம் என்று? அது அம்மா பாபி ஸ்காட் எடுத்துக்கொடுத்த யோசனை என்று கில்லே பின்னால் எழுதியிருக்கிறான். நூலகராக இருந்த அம்மா! இப்படி ஓர் எடிட்டர் வீட்டிலேயே கிடைத்தால் யார்தான் எழுத மாட்டார்கள். (2018இல் வந்த 'ஃபர்ஸ்ட் மேன்' படத்தில், ராக்கெட் ஏறும் பெருமிதத்துக்கு நடுவே இந்தக் கவிதையைப் புகுத்தினார்கள். தியேட்டரில் எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது.)

எல்லாமே தேன் என்று சொல்லமாட்டேன். தன்பாலின ஈர்ப்பாளர்களை எள்ளி நகையாடும் ஒரு துண்டு இதில் இருக்கிறது. அன்றைக்கு அறையில் அதற்கும் சிரித்தார்கள். நான் ஊசியைத் தூக்கி அடுத்த தடத்தில் வைத்துவிடுவேன்.

இப்போதுதான் நாம் காத்திருந்த இடம். பத்தாவது தடம். மேளம் தணிகிறது, அந்த ஓரத்துப் பியானோ விழித்துக்கொள்கிறது! பாட்டின் பெயர் 'தி வல்ச்சர்'. ஆமாம், நாவலின் பெயரேதான். சற்று முன்புவரை சாட்டை வீசிய குரல் தாழ்ந்து, தரை தட்டி, பாடுகிறது. பண்பட்ட குரல் இல்லை. சுருதிக்கு அங்குமிங்கும் கொஞ்சம் தள்ளாடும். ஆனால் வார்த்தையை எங்கே விட வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்பது எழுதியவனுக்குத்தானே தெரியும்? விரலும் அப்படியே, வித்தை காட்டுவதில்லை, வரிக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கிறது. பாட்டியின் தையல் கூட்டத்துக்கு வாசித்த ஸ்வரங்கள் எங்கோ கீழே ஓடிக்கொண்டிருப்பதாக நான் கற்பனை செய்துகொள்வேன். தடுக்காதீர்கள்.

பேச்சு ஆல்பம் என்று ஒப்பந்தம். பையன் மூன்று பாட்டை உள்ளே நுழைத்துவிட்டான். மற்ற இரண்டும், 'ஹூ'ல் பே ரெபரேஷன்ஸ் ஆன் மை சோல்?', 'எவ்ரிடே', ஆல்பத்தின் கடைசி இரண்டு தடங்கள். கேட்பவர் எழுந்து போகும்போது காதில் தங்குவது கவிஞன் அல்ல, பாடகன். பாப் தீல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றவும் செய்தார். ஆல்பம் ஓடியது, 1971 ஏப்ரல் 19, 20 தேதிகளில் ஆர்.சி.ஏ. ஸ்டுடியோவைத் திறந்துவிட்டார். யார் வேண்டும் என்று கேட்டபோது பையன் கூச்சமே படாமல் பெயர்களை அடுக்கினான்: பாஸுக்கு ரான் கார்ட்டர், புல்லாங்குழலுக்கு ஹ்யூபர்ட் லாஸ். டிரம்ஸில் பெர்னார்ட் பர்டி வந்து உட்கார்ந்தார். வந்தவர்களும் எப்பேர்ப்பட்ட ஆட்கள்! மைல்ஸ் டேவிஸோடு வாசித்த ரான் கார்ட்டர், எழுத்தாளப் பையனின் பாட்டுக்கு மீட்டுகிறார். அந்த ஆல்பம்தான் 'பீஸஸ் ஆஃப் எ மேன்'. கோல்ட்ரேனுக்கும் பில்லி ஹாலிடேக்கும் நன்றி சொல்லும் பாட்டு அதில்தான் இருக்கிறது.

அந்த ஆல்பத்தில் பெரும்பாலும் பியானோவில் உட்கார்ந்திருப்பது யார் தெரியுமா? லிங்கனில் கிடைத்த சகா பிரையன் ஜாக்சன், வயது பதினெட்டு. தன்னைவிட இவன் நன்றாக வாசிப்பான் என்று கில் நாற்காலியை விட்டுக்கொடுத்துவிட்டான்! அதனால்தான் சொல்கிறேன், சவ அடக்கக்காரர் பியானோவில் கற்ற அந்த விரல்களை மறைப்பில்லாமல் கேட்க வேண்டுமானால் முதல் ஆல்பத்துக்கே வாருங்கள். பத்தாவது தடம், அப்புறம் நேராகக் கடைசி இரண்டு. புரட்சியை எல்லோரும் கேட்டாகிவிட்டது, அது கொஞ்சம் காத்திருக்கட்டும்.