முன்குறித்தல்

முன்குறித்தல் என்பது, மீட்படைவோர் யார் என்பதைக் கடவுள் முன்னரே தீர்மானித்துள்ளார் எனக் கூறும் கிறித்தவ இறையியல் கொள்கை ஆகும். அவ்வாறெனில் மனிதரின் சுதந்திர விருப்பத்திற்கு இடம் உண்டா, எல்லோரும் மீட்படைய இயலுமா என்னும் வினாக்கள் இதிலிருந்து எழுகின்றன. தமிழ்நாட்டுத் திருச்சபைகள் இவ்விவாதத்தின் வெவ்வேறு மரபுகளிலிருந்து வந்தவை.

விவிலியப் பின்னணி

பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 8, 9 ஆம் அதிகாரங்களும், எபேசியர் 1 ஆம் அதிகாரமும் இக்கொள்கைக்கு அடிப்படையாகக் காட்டப்படுகின்றன. அனைவரும் மீட்படைவதே கடவுளின் விருப்பம் என்னும் கருத்தோ 1 திமொத்தேயு 2:4 இல் உள்ளது. இவ்விரண்டையும் எவ்வாறு இணைத்துப் புரிந்துகொள்வது என்பதே சிக்கல் ஆகும்.

வரலாறு

மனிதர் தம் விருப்பத்தாலேயே நன்மையைத் தேர்ந்து வாழ இயலும் என்று பெலாஜியுஸ் கற்பித்தார். அருள் முந்தாமல் எவரும் கடவுளை நாட இயலாது என அகுஸ்தீன் (354–430) மறுத்தார். 529 இல் கூடிய ஆரஞ்சு சங்கம் அருளின் முதன்மையை ஏற்றது. ஆனால் கடவுள் சிலரைத் தீமைக்கென முன்குறித்தார் என்பதை மறுத்தது.

ஜான் கால்வின் (1509–1564), சிலர் மீட்புக்கும் சிலர் அழிவுக்கும் குறிக்கப்பட்டுள்ளனர் என்றார். ஒருவரது நம்பிக்கையை முன்னறிந்தே கடவுள் தெரிந்தெடுக்கிறார் என்பது ஆர்மீனியுஸ் (1560–1609) கருத்து. டோர்ட் சங்கம் (1618–1619) ஆர்மீனியுசின் வழிவந்தோரை மறுத்தது. எனினும் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி ஆர்மீனிய நிலையையே ஏற்றார்.

கத்தோலிக்கருள், அருளையும் சுதந்திரத்தையும் இணைக்கும் விளக்கம் ஒன்றை இயேசு சபையினரான லூயிஸ் தே மொலினா 1588 இல் வெளியிட்டார். தொமினிக்க சபையினர் அதனை எதிர்த்தனர். திருத்தந்தை ஐந்தாம் பவுல் 1607 இல் எத்தரப்பையும் கண்டிக்காமல் விவாதத்தை நிறுத்தினார்.

பழனிமலையில்

பேத்துப்பாறை முதலிய ஊர்களைக் கொண்ட பழனிமலையில் இவ்விரு மரபுகளும் அருகருகே இருந்தன. கால்வினிய வழிவந்த அமெரிக்க மதுரை மிஷன் 1845 இல் கொடைக்கானலில் வீடுகளை அமைத்தது. இயேசு சபையினர் 1895 இல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினர்.

எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தால் நற்செய்தியை அறிவிப்பது எதற்கு என்னும் வினா மறைப்பணியாளர்களுக்கு முதன்மையானது. கடவுள் முடிவை மட்டுமன்றி அதற்கான வழியையும் குறித்துள்ளார். அவ்வழி அறிவிப்பே என்பது கால்வினியர் விடை. தெரிந்தெடுக்கப்பட்டோர் யாரென மனிதர் அறியார். ஆகவே அனைவருக்கும் அறிவிக்க வேண்டும் என்பர்.

தென்னிந்தியத் திருச்சபை

1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, கால்வினிய மரபினரும் மெதடிஸ்டுகளும் ஆங்கிலிக்கரும் ஒன்றிணைந்தனர். விவிலியமும் பழைய விசுவாச அறிக்கைகளுமே ஒற்றுமைக்கு அடிப்படையாயின. முன்குறித்தல் பற்றி ஒரே கருத்து வேண்டும் என வற்புறுத்தப்படவில்லை.

மதுரை-இராமநாதபுரம் பேராயராக 1947 முதல் 1959 வரை பணியாற்றிய லெஸ்லி நியூபிகின் (1909–1998) தம் நூல்களில் இவ்வினாவை வேறு கோணத்தில் அணுகினார். கடவுள் சிலரைத் தெரிந்தெடுப்பது அவர்களுக்கு மட்டும் மீட்பளிக்க அன்று. பிறருக்கு அதனைக் கொண்டுசெல்லவே என்றார். தெரிந்தெடுக்கப்படுதல் சலுகையன்று, பொறுப்பு என்பது அவர் கருத்து. இறுதியில் மீட்படைவோர் யார் எனத் தீர்ப்பளிப்பது மனிதர் பணியன்று என்றும் அவர் வலியுறுத்தினார்.

ஒப்பீடு

தமிழ் வைணவத்தில் வடகலையார் கூறும் குரங்குக்குட்டி நியாயமும் தென்கலையார் கூறும் பூனைக்குட்டி நியாயமும் இதனுடன் ஒப்பிடப்படுகின்றன. தாயைக் குட்டி பற்றுவதா, குட்டியைத் தாய் கவ்வுவதா என்னும் அவ்விவாதம் அருளுக்கும் முயற்சிக்கும் உள்ள உறவைப் பற்றியது. சிலரை மட்டும் முன்கூட்டியே தெரிந்தெடுத்தல் அதன் மையப்பொருள் அன்று.