டவர் ஃபுல்லா இருக்கு, பேமென்ட் ஏன் சுத்துது? கிரிவலப் பாதையில் நெட் திணறுவது எதனால்?

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கக் கூட்டம். அடி அண்ணாமலை வந்ததும் ஒரு டீ குடிக்க நிற்கிறீர்கள். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கு. போனில் சிக்னல் ஃபுல். அப்புறம் ஏன் பணம் போகல?

சிக்னல் இருந்தால் போதாதா?

போதாது. போனில் தெரியும் கோடுகள், டவரின் அலை எவ்வளவு பலமாக வருகிறது என்பதை மட்டுமே காட்டும். ஒரு டவரின் அலைவரிசையை அதன் எல்லைக்குள் இருக்கும் எல்லா போன்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஊர்க்காரர்களுக்குப் போதுமான டவர், லட்சக்கணக்கானோர் கூடும் கார்த்திகை தீபத்தன்று திணறும். பஸ் கண்ணுக்குத் தெரிகிறது, ஏறத்தான் இடமில்லை! பெரிய விழாக்களில் வண்டியில் வரும் தற்காலிக டவர்களை நிறுத்துவது இதற்காகத்தான்.

கடைக்காரருக்கு என்ன சிக்கல்?

'பணம் வந்தது' என்று அறிவிக்கும் சவுண்ட் பாக்ஸுக்குள்ளும் பெரும்பாலும் ஒரு சிம் இருக்கிறது. அதுவும் இதே நெரிசலில்தான் மாட்டும். பணம் கணக்கில் ஏறியிருந்தாலும் பெட்டி வாய் திறக்காது. 'போயிடுச்சுண்ணே' என்பார் வாங்கியவர். 'இன்னும் சொல்லலையே' என்பார் கடைக்காரர்.

தப்பு எங்கே என்று எப்படித் தெரியும்?

ஒரு யுபிஐ பேமென்ட், டவர், ஃபைபர் கேபிள், ஆப்பின் சர்வர், என்பிசிஐ, இரண்டு தரப்பு வங்கிகள் எனப் பல இடங்களைத் தாண்டுகிறது. எங்கே நின்றாலும் உங்களுக்குத் தெரிவது அதே சக்கரம்தான். நெட்வொர்க் இன்ஜினீயர்கள் முதலில் தகவல் போய்வரும் நேரத்தையும், வழியில் தொலைந்த பாக்கெட்டுகளையும் பார்ப்பார்கள். அதில் கோளாறு இல்லையென்றால் ஆப் பக்கம் திரும்புவார்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு எண் கொடுத்து, எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நின்றது என்று அளப்பார்கள்.

இதில் சராசரியை நம்பக் கூடாது. 95 பேருக்கு 1 வினாடி, 5 பேருக்கு 30 வினாடி ஆனால் சராசரி 2.45 வினாடிதான். அந்த 5 பேரின் அவஸ்தை அதில் தெரியாது.

டவர் நன்றாக இருந்தும் யுபிஐ முடங்கியதுண்டு. 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுக்கத் தடங்கல். 'அந்தப் பேமென்ட் என்ன ஆச்சு?' என்று சில வங்கிகளின் சிஸ்டங்கள் திரும்பத் திரும்பக் கேட்டதில் நெரிசல் ஏற்பட்டதாக என்பிசிஐ விளக்கியது.

பணம் மாட்டிக்கிட்டா?

உடனே இரண்டாவது முறை அனுப்பாதீர்கள். ஆப்பில் நிலவரத்தைப் பாருங்கள். பணம் கழிந்து கடைக்கு உறுதி வராவிட்டால், 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

இந்த வேலைக்குப் போவது எப்படி?

பலரின் முதல் படி, 24 மணி நேரமும் ஷிஃப்டில் இயங்கும் நெட்வொர்க் கண்காணிப்பு மையம். சிசிஎன்ஏ சான்றிதழ், லினக்ஸ், கொஞ்சம் பைத்தான் கைகொடுக்கும். பாக்கெட்டுகளைப் பிரித்துப் பார்க்கும் வயர்ஷார்க் இலவசம். வீட்டு வைஃபையிலேயே பழகலாம்.

99.9 சதவீதம் இயங்கும் சேவை என்றால் வருடத்துக்குச் சுமார் 8 மணி 45 நிமிடம் நிற்கலாம். 99.99 என்றால் 53 நிமிடம்தான். அந்த 8 மணி நேரத்தைக் குறைக்கத்தான் நிறுவனங்கள் இவர்களுக்குச் சம்பளம் கொடுக்கின்றன.