எச்சில் இலையைப் படித்துக் கட்டிய ஊர்

கல்யாண வீட்டு ஆக்குப்புரையில் அனுபவப்பட்ட தவசிப்பிள்ளை (சமையல்காரர்) ஒருவர் இருந்தால் கவனித்துப் பாருங்கள். முதல் பந்தி எழுந்ததும் அடுப்படியை விட்டு நகர்ந்து, இலை எடுத்துக் கொட்டுகிற பக்கமாக ஒரு நடை போய்விட்டு வருவார். ‘சாப்பாடு எப்படி?’ என்று யாரிடமும் கேட்கமாட்டார். கேட்டால் ‘பிரமாதம்’ என்பார்கள். கல்யாண வீட்டில் வேறென்ன சொல்வார்கள்? இலைக்கு அந்த முகதாட்சண்யம் கிடையாது. எரிசேரி வைத்தது வைத்தபடி கிடக்கிறதா, அவியலில் முருங்கைக்காய் மட்டும் காணாமல் போயிருக்கிறதா, பருப்பு வழித்துத் துடைக்கப்பட்டிருக்கிறதா எல்லாம் அதில் தெரியும். இரண்டாம் பந்திக்கு எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது என்பது அந்த இடத்திலேயே முடிவாகிவிடும்.

புறநகரில் புதிதாக ஒரு குடியிருப்பை வடிவமைக்கும் முன், அங்கே குடிவரப் போகிறவர்களை ஆராய்வது என்று நகரமைப்பாளர்கள் சொல்வதும் ஏறக்குறைய இந்த வேலைதான். இந்தியாவில் இதை ஒழுங்காகவும் பெரிய அளவிலும் செய்து பார்த்த இடங்களில் ஒன்று இந்தூர். நகரத்துக்கு வெளியே, ஆக்ரா-மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி, 85 ஹெக்டேரில் அமைந்த அரண்யா குடியிருப்பைத்தான் சொல்கிறேன். கட்டியது இந்தூர் வளர்ச்சி ஆணையம். வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி. வேலை அவர் அகமதாபாதில் நிறுவிய வாஸ்து-சில்பா அறக்கட்டளை வழியாக நடந்தது. 1980களின் தொடக்கத்தில் திட்டமிடப்பட்டது. ஏறத்தாழ 6,500 மனைகள், 80,000 பேர் என்பது கணக்கு. அதில் 65 விழுக்காடு மிக ஏழைக் குடும்பங்களுக்கு. 1995இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. 2018இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியர் ஆனபோது, தோஷியைப் பற்றி எழுதியவர்கள் பலரும் அரண்யாவைத் தொட்டுத்தான் எழுதினார்கள்.

இங்கே ஒரு சிக்கல். பந்தியே இன்னும் தொடங்கவில்லை. படிக்க எச்சில் இலைக்கு எங்கே போவது? ஆனால் குடிவரப் போகிறவர்கள் வானத்திலிருந்து குதிக்கப் போவதில்லை. அதே நகரத்தில் எங்கோ ஓரிடத்தில், தங்கள் கையால் கட்டிய வீட்டில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். அந்த வீடுதான் இலை. மான்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தின் குறைந்த செலவு வீட்டுக் குழு, வாஸ்து-சில்பாவோடு சேர்ந்து இந்தூரின் குடிசைப் பகுதிகளுக்குள் அளவுநாடாவோடு இறங்கியது. விட்டோல்டு ரிப்சின்ஸ்கி, விக்ரம் பட் முதலானோர் எழுதிய அந்த ஆய்வின் முதல் தொகுதி 1984இல் ‘ஹவ் தி அதர் ஹாஃப் பில்ட்ஸ்’ என்ற தலைப்பில் வந்தது. குடிசைப் பகுதியை ஒழிக்க வேண்டிய அழுக்காகப் பார்ப்பதுதான் அன்றைய அதிகாரிகளின் வழக்கம். இவர்களோ அதை ஆயிரக்கணக்கான சிறு முடிவுகள் எழுதப்பட்ட ஆவணமாகப் பார்த்தார்கள்.

எதை அளந்தார்கள்? வீட்டுக்குள் எத்தனை அறை என்பதைவிட, வீட்டுக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதைத்தான் அதிகம் அளந்தார்கள். வேலை நடக்கிற இடம், சிறு கடை, மரம், கோயில், தண்ணீர்க்குழாய், வண்டி நிற்கிற மூலை, தெருவின் அகலம், வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே வீட்டிலிருந்து கசிந்து வந்திருக்கிற அந்த நாலடி இடம்.

அந்த நாலடியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்பது நல்லது. வட நாட்டில் ஓட்லா என்பார்கள், நம் திண்ணைதான். விடிகாலையில் அங்கே பாத்திரம் கழுவுவது நடக்கும். வெயில் ஏறுவதற்குள் அடுப்பு வெளியே வந்திருக்கும். உள்ளே வைத்தால் புகை. அப்புறம் தையல் மெஷினோ பீடித் தட்டோ வரும். மாலையில் அதே கல்லில் நாலு பிஸ்கட் பாட்டில் ஏறினால் அது கடை. இரவில் கயிற்றுக் கட்டில். வரைபடத்தில் இதற்குப் பெயரே கிடையாது. ‘பாதை’ என்றுதான் குறித்திருக்கும். கண்டிப்பான அதிகாரி கையில் வரைபடம் போனால் ‘ஆக்கிரமிப்பு’. ஒரு நாளில் நாலைந்து வேடம் போடும் இந்த இடத்தை வரைபடத்தில் விட்டுவிட்டு வீட்டைப் பெரிதாக்கிக் கொடுத்தாலும், அந்தக் குடும்பத்துக்கு வீடு சுருங்கிப் போனதாகத்தான் கணக்கு. வருமானமும் அதோடு போகும்.

இதையெல்லாம் நேராகக் கேட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போய் ‘உங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும்?’ என்று கேட்கும் ஆய்வுகள் ஏராளம். இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், தனிச் சமையலறை என்றுதான் பதில் வரும். சினிமாவில் பார்த்த வீடு, பக்கத்துத் தெரு மாடி வீடு, கேட்கிறவர் எதை எதிர்பார்க்கிறார் என்ற ஊகம் எல்லாம் கலந்த பதில் அது. பொய் என்று சொல்லமாட்டேன். ‘பிரமாதம்’ என்கிற கல்யாண வீட்டுப் பதிலைப் போல, வைத்துக்கொண்டு ஒன்றும் சமைக்க முடியாது. வேலைக்கு ஆகிற கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். நேற்று ராத்திரி வீட்டில் யார் யார் எங்கே படுத்தீர்கள்? கடைசியாக வீட்டில் ஒரு சாவு விழுந்தபோது பந்தல் எங்கே போட்டீர்கள், பாடையை எந்த வழியாகக் கொண்டுபோனீர்கள்? கையில் கொஞ்சம் பணம் மிச்சமான வருஷம் முதலில் எதைக் கட்டினீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்களை வரிசைப்படுத்தினால், ஏழைக் குடும்பம் ஒன்று எந்த ஒழுங்கில் வீடு கட்டும் என்பது தெளிவாகிவிடும். எந்த ஊரிலும் அது ஒரே மூச்சில் கட்டுவதில்லை. தடுப்பு சுவராகும், கூரை தளமாகும், பிறகு மேலே ஓர் அறை எழும். இடையே பிள்ளையின் கல்யாணம் வந்தால் மூன்று வருஷம் வேலை நிற்கும்.

அரண்யாவின் வடிவம் இந்த ஒழுங்கிலிருந்துதான் பிறந்தது. கெட்டிக்காரச் சமையல்காரர் எல்லார் நாக்குக்கும் சேர்த்து உப்புப் போட முயலமாட்டார். சற்றுக் குறைவாகவே போடுவார். இலை ஓரத்தில் உப்பும் ஊறுகாயும் விளம்பியிருக்கும், வேண்டியவர் வேண்டியதைத் தொட்டுக்கொள்ளலாம். அரண்யாவில் மிகச் சிறிய மனை ஏறத்தாழ 35 சதுர மீட்டர், அதாவது 380 சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. ஒரு கிரவுண்டில் ஆறில் ஒரு பங்குகூட வராது. அதில் முழு வீடு கட்டிக் கொடுக்கவில்லை. அடித்தளம், கழிப்பறை, தண்ணீர்க்குழாய், சில மனைகளில் ஓர் அறை. மீதியைக் குடும்பம் தன் சவுகரியப்படி, தன் பணம் வரும் வேகத்தில் கட்டிக்கொள்ளும். முன்பணத்தைக் குடும்ப வருமானத்தைப் பார்த்து நிர்ணயித்து, பாக்கியை மாதத் தவணையாக்கினார்கள்.

எதைக் கட்டிக் கொடுப்பது, எதை விடுவது என்ற தேர்வில்தான் ஆய்வின் அசல் பலன் இருக்கிறது. சுவர் எழுப்ப அந்தக் குடும்பத்துக்குத் தெரியும். மச்சானே கொத்தனாராக இருப்பான். ஆனால் எந்தக் குடும்பமும் தனியாகச் சாக்கடை போட முடியாது, தண்ணீர்க்குழாய் இழுக்க முடியாது, பட்டா வாங்க முடியாது. குடிசைப் பகுதியில் அளந்தபோது பற்றாக்குறை தெரிந்ததும் சரியாக இந்த இடங்களில்தான். ஆகவே பணம் மண்ணுக்கு அடியில் போனது. பத்து வீடுகள் சேர்ந்து ஒரு தொகுப்பு. வீட்டுக்குப் பின்னால் சிறு முற்றம். இருபது வீடுகளுக்கு ஒரு கழிவுத்தொட்டி. கழிப்பறைகளை ஒன்றையொன்று ஒட்டி வைத்ததில் குழாயின் நீளம் மிச்சம். திறப்பு விழாவில் காட்டுவதற்கு இதில் ஒன்றும் இல்லை. அரசியல்வாதிகளுக்கு இந்த மாதிரித் திட்டங்கள் மேல் பெரிய ஆசை வராததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

தெருக்களும் அப்படித்தான் வந்தன. நேராகவும் ஒரே அகலமாகவும் தெருப் போடுவது பொறியாளரின் கைப்பழக்கம். ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் தார், விளக்கு, வடிகால் என்று செலவு ஏறும். அதோடு மனை குறையும். குடிசைப் பகுதிச் சந்துகளில் நடமாட்டத்துக்குத் தேவைப்பட்ட இடம் குறைவு, நிற்கவும் உட்காரவும் தேவைப்பட்டது அதிகம். எனவே அரண்யாவில் உள்சந்துகளை ஒடுக்கி, ஆங்காங்கே அவை அகன்று சிறு சதுக்கமாகும்படி விட்டார்கள். வாசலில் கொஞ்சம் நீட்டிக்கொள்ள விதியே இடம் கொடுத்தது. வெளியே ஏறும் மாடிப்படியும் அதில் அடக்கம். வெளிப்படி இருந்தால் மாடியை வாடகைக்கு விடலாம், கல்யாணமான மகனுக்குக் கொடுக்கலாம், கீழ்வீட்டுக்காரருக்குத் தொந்தரவில்லை.

யார் பக்கத்தில் யார் என்பதற்கும் ஒரு திட்டம் இருந்தது. நெடுஞ்சாலையை ஒட்டிப் பெரிய மனைகள், உள்ளே வரும் முக்கியச் சாலைகளில் நடுத்தர மனைகள், நடுவில் சிறியவை. பெரிய மனைகளை நல்ல விலைக்கு விற்று, அந்த லாபத்தில் சின்ன மனையின் விலையைக் குறைத்தார்கள். ஆறு பிரிவுகளிலும் எல்லா வருமானக்காரர்களும் இருக்கிறார்கள் என்று கட்டுரைகள் பாராட்டும். சமபந்தி என்று நான் சொல்லமாட்டேன். ஒரே பந்தல்தான், வரிசை வேறு. ஆனாலும் ஏழைகளை மட்டும் தனியே கொண்டுபோய் ஊர்க்கோடியில் விட்டுவிட்டு வந்த திட்டங்களோடு வைத்துப் பார்த்தால் இது பெரிய முன்னேற்றம். வீட்டுவேலைக்கும் தள்ளுவண்டிக் காய்க்கும் வாடிக்கையாளர் நடந்துபோகும் தூரத்தில் இருந்தால்தானே அந்தத் தவணையைக் கட்ட முடியும்?

எல்லாம் சரி, வெறும் அடித்தளத்தைப் பார்த்து யாருக்கு வீடு கண்ணில் தெரியும்? அதற்காகத் தோஷி 80 மாதிரி வீடுகளைக் கட்டிக் காட்டினார். ஒவ்வொன்றிலும் திண்ணை, படி, மொட்டைமாடி, பால்கனி வேறு வேறு சேர்க்கையில். ‘இப்படித்தான் கட்ட வேண்டும்’ என்ற உத்தரவாக அல்லாமல், ருசி பார்க்கக் கையில் ஊற்றிய ஒரு கரண்டியாக. அரண்யா பற்றிய புகைப்படங்களில் நாம் அடிக்கடி பார்ப்பது இந்த வீடுகளைத்தான். அதனால் அரண்யா என்றாலே இவைதான் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். மீதி ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டியவர்களின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வராது.

இலையில் தெரியாத ஒன்று உண்டு: நாளைக்கு அந்த மண் என்ன விலை போகும் என்பது. பட்டாவும் குழாயும் சாலையும் உள்ள மனை, நகரம் அந்தப் பக்கமாக வளர வளர, ஏழையின் கையில் தங்கமாகிவிடும். அரண்யாவில் முதலில் மனை வாங்கிய ஏழைக் குடும்பங்கள் பல அதை விற்றுவிட்டுப் போயின. வசதியுள்ளவர்கள் வந்து பெரிதாகக் கட்டினார்கள். சென்னையும் இதைப் பார்த்திருக்கிறது. உலக வங்கி உதவியோடு 1977இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் இதே முறையில் மனைகள் கொடுத்தார்கள். இன்று அந்தத் தெருக்களில் நடந்தால் சாதாரண நடுத்தர வர்க்கக் குடியிருப்பு என்றுதான் தோன்றும். இதைத் தோல்வி என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. விற்ற பணத்தில் மகளின் படிப்போ கடனோ தீர்ந்திருந்தால், அந்தக் குடும்பம் கையில் பிடித்த முதல் சொத்து அதன் வேலையைச் செய்துவிட்டது. வேறு போக்கிடம் இல்லாமல் மறுபடி ஒரு குடிசைக்குத்தான் போனார்கள் என்றால் கதை வேறு. இரண்டில் எது என்பது விற்றவரிடம் போய்க் கேட்டால்தான் தெரியும்.

நடைமுறையில் விட்டுப்போகிற படி இப்படித் திரும்பிப் போய்க் கேட்பதுதான். தவசிப்பிள்ளை முதல் பந்தியின் இலையைப் பார்ப்பதே இரண்டாம் பந்தியைத் திருத்துவதற்கு. வீட்டுத் திட்டங்களிலோ சாவியையோ பட்டாவையோ கொடுத்து, படம் எடுத்து, கோப்பை மூடியதும் ஆய்வுக்கான பணமும் நின்றுவிடும். ஐந்து வருஷம் கழித்து அதே அளவுநாடாவோடு போக வேண்டும். எந்தச் சதுக்கத்தில் ஆள் உட்காருகிறார்கள், எது குப்பைமேடாகிவிட்டது? எந்த வாசலில் திண்ணை எழுந்தது, எந்த வாசலில் மதில்? எத்தனை கழிவுத்தொட்டிகளை நேரத்துக்குத் துப்புரவு செய்கிறார்கள், அதற்கான காசை யார் கொடுக்கிறார்கள்? யார் விற்றார்கள், எந்த வருஷம், எதற்காக? அடுத்த திட்டத்துக்கு வரைபடம் போட உட்காருகிறவரின் மேசையில் முதலில் இருக்க வேண்டிய தாள் அது. பெரும்பாலும் அங்கே இருப்பது போன திட்டத்தின் வரைபடம்தான், மனை எண்களை மட்டும் மாற்றியபடி.