ஐக்கிய அமெரிக்காவில் பதிவுபெற்ற செவிலியர் எண்ணிக்கை

பதிவுபெற்ற செவிலியர் என்போர் செவிலியர் கல்வியை முடித்து, உரிமத் தேர்வில் தேறி, மாநில உரிமத்துடன் பணிபுரிவோர் ஆவர். ஐக்கிய அமெரிக்காவின் மருத்துவப் பணியாளர்களுள் இவர்களே மிகப் பெரிய தொழிற்பிரிவினர்.

பற்றாக்குறைக் கணிப்பு

பெண்களுக்குப் பிற தொழில்களில் வாய்ப்புகள் பெருகியதால், இளம்பெண்கள் இத்தொழிலைத் தேர்வது குறைந்தது; பணியிலிருந்தோரின் சராசரி வயது உயர்ந்தது. எனவே 2020இல் செவிலியர் எண்ணிக்கை தேவையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவாக இருக்கும் என பீட்டர் பியூர்ஹாசும் உடன் ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் கணித்தனர்.

நிகழ்ந்த மாற்றம்

இக்கணிப்பு பலிக்கவில்லை. 2002இற்குப் பின் ஆள்சேர்ப்புப் பரப்புரைகள் நடைபெற்றன. கல்லூரி இடங்களும் பெருகின. முதன்முறையாக உரிமத் தேர்வு எழுதிய உள்நாட்டு மாணவர் தொகை 2001இல் 70,000இற்கும் குறைவு. 2015இல் 1,50,000இற்கும் அதிகம். 2008ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது குடும்ப வருவாய் குறைந்ததால், மூத்த செவிலியர் பலர் ஓய்வைத் தள்ளிவைத்தனர். பணியை விட்டிருந்தோரும் திரும்பினர்.

கோவிட்-19 பெருந்தொற்றின்போது, 2021இல், 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட செவிலியர் குறைந்தனர். அடுத்த இரு ஆண்டுகளில் எண்ணிக்கை மீண்டது.

இன்றைய நிலை

மொத்த எண்ணிக்கை உயர்ந்தாலும் பற்றாக்குறை முற்றிலும் நீங்கவில்லை. ஊரகப் பகுதிகளில் செவிலியர் கிடைப்பது அரிது. போதிய ஆசிரியர் இன்மையால், தகுதியுடைய விண்ணப்பதாரர் பலருக்குக் கல்லூரிகளில் இடம் மறுக்கப்படுகின்றது.