உறைபனி நாட்டில் வீடும் தோட்டமும்

கனடாவில் வீட்டைச் செப்பனிடுபவரும் தோட்டம் போடுபவரும் முதலில் கணக்கிட வேண்டியது உறைபனியையே. டொரான்டோ நகர்ப்புறத்தில் ஏறத்தாழ 4 அடி ஆழம் வரை மண் உறையக்கூடும். மண்ணின் ஈரம் பனிக்கட்டியாகிப் பருக்கும்போது, ஆழமின்றி நட்ட தூணை மேலே நெம்பிவிடுகிறது. ஆகவே கொல்லையில் மரத்தளம் அமைப்போர் அந்த ஆழம் வரை குழிதோண்டிக் கான்கிரீட் இடுகின்றனர். அச்சிரமத்துக்கு அஞ்சியவரின் தளம் சில குளிர்காலங்களிலேயே கோணிவிடலாம். பிறகு மரத்தைக் குறை கூறிப் பயனில்லை.

மே 25-க்கு முந்திய திங்கட்கிழமை அங்கு விக்டோரியா அரசியாரின் பிறந்தநாள் விடுமுறை. 1952 முதல் இம்முறை நிலவுகிறது. தெற்கு ஒன்டாரியோவில் பலரும் அதையொட்டியே தக்காளி நாற்றை வெளியில் நடுவர். அதுவரை நாற்று சன்னலோரத்தில் வளரும். முந்தி நட்டவரோ, வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில் பழைய படுக்கை விரிப்புகளைச் செடிகள்மீது போர்த்துகின்றனர். மண்ணிலிருந்து எழும் வெப்பம் அதனுள் தங்குகிறது. துணிக்கு இப்படியும் ஒரு பணியுண்டென அறிந்து நம் நெசவாளர் மகிழலாம்!

வெள்ளைப்பூண்டின் இயல்பு வேறு. அக்டோபரில் ஊன்றி வைக்கோலால் மூடுகின்றனர். குளிர்பட்டால்தான் அது நன்கு பல் பல்லாய்ப் பிரியும், ஜூலையில் அகழலாம்.

இரவில் உறைந்து பகலில் உருகும் மார்ச் மாதத்தில், மேப்பிள் மரத்தைத் துளையிட்டுச் சாறு வடிக்கின்றனர். சுமார் 40 படிச் சாறு காய்ந்து 1 படிப் பாகாகிறது. விடுமுறையில் குடும்பத்தோடு அத்தோப்புகளுக்குச் செல்வோர் பலர். சூடான பாகைப் பனிமேல் ஊற்ற, அது இறுகியதும் குழந்தைகள் குச்சியில் சுற்றித் தின்கின்றனர்.