எட்டு பிக் கொடுத்து ஒரு ரன்னிங் பேக்

ஏப்ரல் கடைசி வாரம் நமக்கெல்லாம் செமஸ்டர் ஜுரம். கிட்டத்தட்ட அதே நேரத்தில் அமெரிக்காவில் என்எஃப்எல் டிராஃப்ட் நடக்கும். நம்ம ஹாஸ்டலில் அதைப் பார்க்கிற ஆள் நான் ஒருத்தன்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மூணு பேர் இருக்கோம். வருஷா வருஷம் எங்களுக்குள் ஒரே சண்டை: நல்ல ரன்னிங் பேக் ஒருத்தன் கண்ணில் பட்டுவிட்டால், அவனைப் பிடிக்க ஒரு டீம் கூடுதலாகக் கொடுத்து வரிசையில் முன்னே போகலாமா, கூடாதா? என் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன். அடுத்த முறை சண்டை வந்தால் லிங்க் அனுப்பினால் போதும்.

ஆட்டம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. இது காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை, கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஃபுட்பால். நாலு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேறணும். முன்னேறினால் இன்னொரு நாலு முயற்சி கிடைக்கும். பந்தை எறிகிறவர் குவார்ட்டர்பேக். பந்தை வாங்கிக்கொண்டு எதிராளிக் கூட்டத்துக்குள் தலையைக் குனிந்து பாய்கிறவர் ரன்னிங் பேக். இவர்களுக்கு முன்னால் மலை மாதிரி ஐந்து பேர் நின்று எதிராளிகளைத் தள்ளி வழி உண்டாக்குவார்கள். அவர்கள் பெயர் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர்களை மறந்துவிடாதீங்க, பின்னாடி தேவைப்படுவார்கள்.

டிராஃப்ட் என்பது ஐபிஎல் மாதிரி ஏலம் கிடையாது. நம்ம கவுன்சலிங்கைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்க. போன சீசனில் மோசமாக ஆடின டீமுக்கு முதல் சாய்ஸ், சாம்பியனுக்கு ரவுண்டின் கடைசி சாய்ஸ். 32 டீம், ஏழு ரவுண்டு. காலேஜில் ஆடிய பையன்களை ஒவ்வொருத்தராக எடுத்துக்கொண்டே வருவார்கள். கவுன்சலிங்கில் இல்லாத ஒரு வசதி இங்கே உண்டு: உங்க ரேங்கை இன்னொருத்தரிடம் கைமாற்றலாம். 12வது இடத்தில் இருக்கிற டீம், தன் இடத்தோடு வேறு சில பிக்குகளையும் சேர்த்துக் கொடுத்து 5வது இடத்தை வாங்கிக்கொள்ளலாம். அதுதான் ட்ரேட் அப்.

எவ்வளவு சேர்த்துக் கொடுப்பது? இதற்கு 1990களின் தொடக்கத்தில் டல்லஸ் கௌபாய்ஸ் ஒரு அட்டவணை போட்டது. அப்போதைய கோச் ஜிம்மி ஜான்சன் பெயரிலேயே இன்றும் சொல்கிறார்கள். முதல் பிக்குக்கு 3000 புள்ளி, இரண்டாவதுக்கு 2600, ஐந்தாவதுக்கு 1700, பன்னிரண்டாவதுக்கு 1200, முதல் ரவுண்டின் கடைசியான 32வதுக்கு 590. கிராஃப் போட்டால் ஆரம்பத்தில் செங்குத்தாக விழுந்து, போகப் போகத் தட்டையாகிவிடும். ஏழாவது ரவுண்டெல்லாம் சில்லறைக் காசுதான்.

இப்போ கதைக்கு வருவோம். 1999. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் கோச் மைக் டிட்காவுக்கு ஒரே ஒரு பையன் மேல் கண். டெக்சஸ் யுனிவர்சிட்டியின் ரிக்கி வில்லியம்ஸ், முந்தின வருஷம் காலேஜ் ஃபுட்பாலின் பெரிய விருதான ஹைஸ்மன் டிராஃபி வாங்கியவர். டிராஃப்ட் அன்று அவருக்கு வயசு 21. செயின்ட்ஸ் கையில் இருந்தது 12வது பிக். அதை 5வது ஆக்க வாஷிங்டனுக்கு டிட்கா கொடுத்தது: அந்த வருஷம் தன்னிடம் இருந்த ஆறு பிக்கும், கூடவே 2000ஆம் வருஷத்தின் முதல் ரவுண்டு பிக்கும் மூன்றாம் ரவுண்டு பிக்கும். மொத்தம் எட்டு. அந்த டிராஃப்ட் முழுக்க செயின்ட்ஸ் எடுத்த ஆள் ஒருத்தரே ஒருத்தர். டிட்கா மாப்பிள்ளை கோட்டிலும் ரிக்கி கல்யாண கவுனிலும் நின்று ஒரு பத்திரிகை அட்டைக்கு போஸ் கொடுத்தார்கள். தேடிப் பாருங்க, இன்னும் இருக்கு.

அட்டவணையை வைத்துக் கணக்கு போடலாம். 12க்கும் 5க்கும் இடைவெளி 500 புள்ளி. அடுத்த வருஷ முதல் ரவுண்டு ஒன்றைக் கொடுத்தாலே, அது 32வதாக அமைந்தால்கூட, 590 வந்துவிடும். ஆக அந்த ஒன்றோடு நிறுத்தியிருந்தாலே விலை தீர்ந்திருக்கும். ஆனால் அது 32வதாக அமையவில்லை. எட்டு பிக் கொடுத்துவிட்டு வேறு புது ஆளே எடுக்காத டீம் எப்படி ஆடும்? அந்த சீசனில் 3 வெற்றி, 13 தோல்வி. மோசமாக ஆடினதால் அடுத்த வருஷ பிக் இரண்டாவது இடத்துக்கு ஏறியது. அதாவது 2600 புள்ளி. 1700 மதிப்புள்ள பொருளுக்கு 1200ஐயும் 2600ஐயும் கொடுத்து, மேலே ஆறு பிக்கையும் கொசுறாகக் கொடுத்த வியாபாரம் இது. கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்குப் புரியும், இது பாசிட்டிவ் ஃபீட்பேக்: பிக்கைக் கொடுப்பதால் டீம் பலவீனமாகிறது, டீம் பலவீனமாவதால் கொடுத்த பிக்கின் மதிப்பு ஏறுகிறது.

வாஷிங்டன் அந்தப் பன்னிரண்டாவது பிக்கையும் இன்னும் சிலவற்றையும் வைத்து 7வது இடத்துக்கு நகர்ந்து சேம்ப் பெய்லியை எடுத்தது. அவர் இன்று ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். 2000இல் அந்த இரண்டாவது பிக்கில் லவார் ஆரிங்டன் வந்தார். செயின்ட்ஸில் டிட்காவின் வேலை போச்சு.

ரிக்கி? முதல் சீசனில் காயம், 12 ஆட்டத்தில் 884 யார்டு. மோசமான ஆட்டக்காரர் இல்லவே இல்லை. ஆனால் எட்டு பேருக்குப் பதிலாக வந்த ஒருத்தர் எப்படி ஆடினாலும் போதாது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேட்டி கொடுத்தார். அப்போது சிரித்தார்கள். அவருக்கு மனிதர்களை எதிர்கொள்வதிலேயே கடும் பதற்றம் தரும் மனநலப் பிரச்சினை இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்த ட்ரேடைக் கேட்டது அவர் இல்லை. நம்ம வயசுப் பையன் தலையில் ஒரு டீமின் ரெண்டு வருஷ எதிர்காலத்தைத் தூக்கி வைத்தார்கள். இந்த விஷயத்தில் புள்ளிக் கணக்கை விட எனக்கு உறுத்துவது இதுதான்.

"அது டிட்காவின் பைத்தியக்காரத்தனம், அதை வைத்து எல்லாரையும் எடை போடாதே" என்பான் என் ரூம்மேட். சரி, மலிவான ட்ரேட் அப் ஒன்று பார்ப்போம். 2012இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் நாலாவது இடத்திலிருந்து மூணாவதுக்கு ஒரே ஒரு படி ஏறியது. 400 புள்ளி இடைவெளிக்கு மினசோட்டாவுக்குக் கொடுத்தது ஒரு நாலாம் ரவுண்டு, ஒரு ஐந்தாம் ரவுண்டு, ஒரு ஏழாம் ரவுண்டு. அட்டவணைப்படி அடிமாட்டு விலை. எடுத்தது ரன்னிங் பேக் ட்ரென்ட் ரிச்சர்ட்சனை. மினசோட்டா நாலாவது இடத்துக்கு இறங்கி மேட் கேலில் என்ற தடுப்பு ஆட்டக்காரரை எடுத்துக்கொண்டது, மூணு பிக் இலவச இணைப்பு. பிரவுன்ஸ் காசு கொடுத்தது ஆளுக்கு இல்லை, வேறு யாராவது நடுவில் புகுந்துவிடுவார்களோ என்ற பயத்துக்கு.

ரிச்சர்ட்சன் முதல் வருஷம் 950 யார்டு ஓடினார், ஒரு ஓட்டத்துக்குச் சராசரி 3.6 யார்டு. அடுத்த சீசன் ரெண்டு ஆட்டம் முடிந்ததுமே அவரை இண்டியானாபொலிஸுக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே சராசரி 2.9. அதே 2012 டிராஃப்டில் வாஷிங்டன் ஆறாவது ரவுண்டில், 173வது ஆளாக, ஆல்ஃபிரட் மோரிஸ் என்ற ரன்னிங் பேக்கை எடுத்தது. அவர் முதல் வருஷமே 1,613 யார்டு. மூணாவது ஆளை விட 173வது ஆள் 663 யார்டு அதிகம்!

இது அதிர்ஷ்டம் மட்டும் இல்லை. ரன்னிங் பேக் ஓடுகிற யார்டில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு முன்னால் நிற்கிற அந்த ஐந்து பேருடையது என்று பிரிப்பது கஷ்டம். வழி திறந்தால் சுமாரான ஆள்கூட நாலு யார்டு ஓடிவிடுவார். திறக்காவிட்டால் ராஜாவும் முட்டிக்கொண்டு விழ வேண்டியதுதான். அடுத்து, உடம்பு. ஒவ்வொரு ஓட்டத்திலும் மோதல். பெரும்பாலான ரன்னிங் பேக்குகளுக்கு 27, 28 வயசுக்கெல்லாம் வேகம் இறங்க ஆரம்பிக்கும். மற்ற இடங்களில் ஆடுகிறவர்கள் அப்போதுதான் உச்சத்துக்கே வருவார்கள்.

மூணாவது விஷயம் சம்பளம். இதைப் பலர் கவனிப்பதில்லை. 2011 முதல் புது ஆட்டக்காரரின் நாலு வருஷச் சம்பளம் கிட்டத்தட்ட பிக் நம்பரை வைத்தே முடிவாகிறது, அவர் எந்த இடத்தில் ஆடுகிறார் என்பதை வைத்து இல்லை. இரண்டாவது பிக்கில் வருகிற குவார்ட்டர்பேக்குக்கும் ரன்னிங் பேக்குக்கும் ஏறக்குறைய ஒரே காசு. வெளி மார்க்கெட்டில் உச்ச குவார்ட்டர்பேக் வருஷத்துக்கு 50 மில்லியன் டாலருக்கு மேல் வாங்குகிறார். உச்ச ரன்னிங் பேக் சுமார் 20. அதனால் குவார்ட்டர்பேக்கை டிராஃப்டில் பிடித்தால் நாலு வருஷம் பெரிய மிச்சம். ரன்னிங் பேக்கில் அந்த மிச்சம் ரொம்பக் கம்மி. குவார்ட்டர்பேக்குக்காக முன்னே போகிற டீமை நான் பெரிதாகத் திட்டமாட்டேன், காரணம் இதுதான்.

கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்று ரெண்டு பேர் (தேலர் 2017இல் பொருளாதார நோபல் வாங்கியவர்) இந்த டிராஃப்டையே ஆராய்ச்சி செய்து ஒரு பேப்பர் எழுதியிருக்கிறார்கள். முன்வரிசை பிக்குகளுக்கு டீம்கள் தேவைக்கு மேல் விலை கொடுக்கின்றன என்பது அவர்கள் கண்டது. ஒரு டீம் எடுத்த ஆள், அதே இடத்துக்கு அடுத்ததாக எடுக்கப்பட்ட ஆளை விட நன்றாக ஆடுவாரா என்று பார்த்தால், விடை காசு சுண்டிப் போடுவதை விட கொஞ்சம்தான் மேல். "இவன்தான் வேணும்" என்று அடம்பிடிக்கிற டீம் உண்மையில் தன் கண்ணை அளவுக்கு மீறி நம்புகிறது. அடுத்த வருஷ பிக்கை இந்த வருஷம் செலவழிப்பதற்கு டீம்கள் மறைமுகமாகக் கட்டும் வட்டி வருஷத்துக்கு 100 சதவீதத்துக்கும் மேல் என்றும் அதில் வருகிறது. கந்துவட்டி தோற்றது.

அப்போ ஒருநாளும் கூடாதா? அப்படியும் சொல்ல முடியவில்லை. லீக் வரலாற்றிலேயே அதிகம் ஓடியவர் எமிட் ஸ்மித், 18,355 யார்டு. 1990இல் டல்லஸ் அவரை ட்ரேட் அப் செய்துதான் எடுத்தது. 21வது இடத்திலிருந்து 17வதுக்கு, கூடக் கொடுத்தது ஒரு மூன்றாம் ரவுண்டு பிக். அவரோடு மூணு சூப்பர் பவுல் ஜெயித்தார்கள். இதில் ஒரு வேடிக்கை: அந்த 21வது பிக் டல்லஸின் சொந்த பிக் இல்லை. முந்தின வருஷம் தங்கள் நட்சத்திர ரன்னிங் பேக் ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டாவுக்கு விற்று வாங்கின குவியலில் இருந்து வந்தது. ஒரு ரன்னிங் பேக்கைக் கொள்ளை விலைக்கு விற்று, இன்னொருத்தரைச் சில்லறைக்கு வாங்கியிருக்கிறார்கள்.

2020இல் இண்டியானாபொலிஸ் இரண்டாம் ரவுண்டில் 44லிருந்து 41க்கு நகர்ந்து ஜொனாதன் டெய்லரை எடுத்தது. அட்டவணையில் 30 புள்ளி வித்தியாசம், கொடுத்தது ஒரு ஐந்தாம் ரவுண்டு பிக். அடுத்த வருஷமே 1,811 யார்டோடு லீக்கில் முதல். 2017இல் நம்ம செயின்ட்ஸ் (இவங்களுக்கு இது தீராத வியாதி) மூன்றாம் ரவுண்டுக்குள் நுழைந்து ஆல்வின் கமாராவை எடுத்தார்கள். அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் அவர்தான். ஆனால் அதற்கு அடுத்த வருஷ இரண்டாம் ரவுண்டு பிக்கைக் கொடுத்தார்கள். பலித்துவிட்டது என்பதற்காக அந்த விலையை நியாயம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ரூம்மேட் கடைசியாக எடுக்கிற ஆயுதம் 2024. சேக்வான் பார்க்லி 2,005 யார்டு ஓடி பிலடெல்ஃபியா சூப்பர் பவுல் ஜெயித்தது. பால்டிமோருக்கு டெரிக் ஹென்றி 30 வயசில் 1,921 யார்டு. "ரன்னிங் பேக் முக்கியம் இல்லைன்னு இனி சொல்லுவியா?" நான் எப்போ சொன்னேன்? முக்கியம்தான். ஆனால் ரெண்டு பேருமே வேறு டீமில் கான்ட்ராக்ட் முடிந்து வெளி மார்க்கெட்டுக்கு வந்தவர்கள். அந்த டீம்கள் கொடுத்தது பணம் மட்டும், ஒரு பிக்கைக்கூடத் தொடவில்லை. இதே பார்க்லியை 2018இல் இரண்டாவது பிக்கில் எடுத்தது நியூயார்க் ஜயண்ட்ஸ். அங்கே கடைசி சீசனில் அவர் ஓடியது 962 யார்டு. பிலடெல்ஃபியாவில் அவருக்கு முன்னால் நின்ற ஐந்து பேர் லீக்கிலேயே சிறந்த வரிசைகளில் ஒன்று.

ஆக என் கணக்கு இப்படி. முன்னே நின்று தள்ளுகிற ஐந்து பேர் ஏற்கெனவே இருக்கணும். குவார்ட்டர்பேக் இருக்கணும். இரண்டாம் ரவுண்டிலோ அதற்குப் பின்னாலோ ரெண்டு மூணு இடம் நகர்ந்தால் போதும் என்கிற நிலை வரணும். கொடுப்பது அந்த வருஷத்தின் ஐந்தாம், ஆறாம் ரவுண்டு பிக்காக இருக்கணும். அப்போ போங்க, நானே கைதட்டுகிறேன். முதல் பத்துக்குள் ஏற அடுத்த வருஷ முதல் ரவுண்டைக் கேட்டால் ஃபோனை வைத்துவிட்டு உட்காருங்க. உங்களுக்குப் பிடித்த பையன் போய்விடுவான்தான். 173வதாக ஒருத்தன் இருப்பான்.

ரிக்கி கதையில் ஒரு மிச்சம் இருக்கு. 2002இல் செயின்ட்ஸ் அவரை மயாமிக்கு அனுப்பியது. மயாமியும் முதல் ரவுண்டு பிக்குகளைக் கொடுத்துத்தான் வாங்கியது. இந்த முறை அவர் ஏமாற்றவில்லை: 1,853 யார்டு, லீக்கிலேயே முதல் இடம். மயாமி அந்த வருஷம் பிளேஆஃபுக்குப் போகவில்லை.